அடுத்த அறையின் நாடி

கட்டிய மனைவியின் மணிக்கட்டில் இன்னொரு ஆணின் நாடி துடிப்பதைத் தொட்டுப் பார்க்கும் பாக்கியம் எல்லாக் கணவன்மார்களுக்கும் வாய்த்துவிடாது. தணிகைவேலுக்கு வாய்த்தது. அதுவும் அவரே மேடையேறிப் புகழ்ந்து, கைதட்டல் வாங்கி, பொன்னாடையும் போர்த்திக்கொண்ட ஒரு திட்டத்தின் வழியாக வாய்த்தது.

தணிகைவேல் உறையூர் நடைப்பயிற்சியாளர் நலச்சங்கத்தின் தலைவர். தலைவர் நடக்க வேண்டும் என்று சங்க விதிகளில் எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து இறங்குவார். கொடியசைப்பார். மூச்சுக்காற்றின் மகத்துவம் பற்றித் தமக்கு மூச்சு வாங்கும் வரை பேசுவார். மற்றவர்கள் நடக்கப் போனதும் சங்கச் செலவில் வந்த பொங்கலை முடித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் ‘இதயத்துணை’ முகாமைத் தொடங்கி வைத்தார். நோயில் சோர்ந்துபோன இதயத்துக்குப் பதிலாக, நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு மனிதரின் இதயம் கொஞ்ச நாள் வேலை பார்த்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. ரத்ததானம் மாதிரிதான். கொடுத்துவிட்டுப் பிஸ்கட் சாப்பிட்டு வீட்டுக்குப் போக முடியாது, குழாயோடு கூடவே கிடக்க வேண்டும், அவ்வளவே. இயந்திரங்கள் ரத்தத்தைப் போட்டு அரைக்கின்றன, மனித இதயம் அரைப்பதில்லை என்ற உண்மையை நவீன மருத்துவம் பல கோடி செலவழித்துக் கண்டுபிடித்திருந்தது.

“ஒருவருடைய இதயம் இன்னொருவருக்காகத் துடிக்கிறதே, இதைவிட உயர்ந்த உறவு இந்த உலகத்தில் உண்டா?” என்று மேடையில் கேட்டார் தணிகைவேல். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அவர் மனைவி சுகந்தி கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல் சுகந்தியின் இதயத் தசையில் போய் உட்கார்ந்துகொண்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பேச முடியவில்லை. தில்லைநகர் மருத்துவமனையில் டாக்டர் ஜெபராணி படங்களைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதயம் வீங்கிப் போயிருக்கு. ஓய்வு கொடுத்தா தானா எழுந்துக்கும். கொடுக்கலைன்னா நின்னுடும். துணை இதயம் ஒண்ணு வேணும் சார்.”

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது டாக்டர்? என் இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்!” மைக் இல்லாத குறை ஒன்றுதான்.

“எடுத்துக்கலாம். முதல்ல ரெண்டு மாடி ஏறி இறங்கிட்டு வாங்க.”

முதல் மாடித் திருப்பத்தில் தணிகைவேலை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

துணை இதயம் கொடுக்க வந்தவன் பெயர் மிதுன். துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கபடிப் பயிற்சியாளர், முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு மாடியென்ன, மலைக்கோட்டை உச்சிக்கே ஏறி இறங்கினாலும் சட்டை நனையாது போலிருந்தது. முகாமில் பெயர் கொடுத்தவர்களில் சுகந்தியின் உடம்புக்கு அவன் ஒருவன்தான் பொருந்தினான். எந்த முகாம் என்று தணிகைவேல் கேட்டார். “நீங்க கொடியசைச்சீங்களே சார், அதுதான்” என்றார் டாக்டர்.

இணைப்புக்கு முதல் நாள், டாக்டர் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றில் வெளுத்த, உருண்டையான குழாய் ஒன்று நிமிர்ந்த மேனிக்குக் கிடந்தது. இன்னொன்றில் நனைந்த ரிப்பன் மாதிரி ஏதோ சப்பையாகச் சுருண்டு கிடந்தது.

“ரெண்டுமே உங்க வீட்டம்மாவோட செல்லை வச்சு நாங்க தொட்டியில வளர்த்தது. ஆரம்பத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணை அடிச்சு வளர்த்தோம், இன்னொண்ணைத் தடவி வளர்த்தோம்.”

“அடித்து என்றால்?”

“இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தத்தை ஓங்கி எறியுது. அந்த அடியைத் தாங்கணும்னா சுவர் தடிமனா இருக்கணும், நல்ல தசை வேணும், ரப்பர் மாதிரி விரிஞ்சு சுருங்கணும். அதுதான் தமனி. உள்ளே ஒண்ணும் இல்லாதப்பவும் பாருங்க, எப்படி உருண்டையா நிக்குது!”

தணிகைவேலுக்கு அந்தக் குழாயை மிகவும் பிடித்துப் போயிற்று. உள்ளே ஒன்றும் இல்லாமல் நிமிர்ந்து நிற்பதன் அருமை அவருக்குத் தெரியும்.

“இந்தத் தொங்கல்?”

“சிரை. போன ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கே அடியும் இல்லை, வேகமும் இல்லை. அதனால சுவர் மெல்லிசு, உள்ளே இடம் ஜாஸ்தி. ஆனா காலில் இருந்து மேலே ஏறணும், இதயத்தோட தள்ளு அதுவரைக்கும் வராது. அதுக்குத்தான் நடுநடுவுல வால்வு. ஒரு பக்கமா மட்டும் திறக்கிற கதவு. ஏறினது இறங்காது.”

“ஏற்றுவது யார்?”

“கெண்டைக்கால் சதை. நடக்க நடக்க அது சிரையைப் பிழிஞ்சு மேலே அனுப்பும். நடைச்சங்கத் தலைவர், உங்களுக்குத் தெரியாததா?”

தணிகைவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி. தமனி அந்தப் பையனுக்கு. நான் எதற்கு?”

டாக்டர் சப்பைக் குழாய் இருந்த கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“சுகந்தி காலை அசைக்காம படுத்திருக்கணும். அவங்க ரத்தம் கீழேயே தேங்கிடும். அசையற கால் ஒண்ணு வேணும். மிதுன் இதயத்துல இருந்து தமனி வழியா அவங்களுக்குப் போகுது. அவங்ககிட்ட இருந்து சிரை வழியா உங்க காலுக்கு. நீங்க நாற்காலியில உட்கார்ந்து மிதிச்சீங்கன்னா அது மேலே ஏறி, இன்னொரு சிரை வழியா மிதுனுக்கே திரும்பிப் போயிடும். இதுக்கு இதயம் பலமா இருக்கணும்னு இல்லை. கால் அசைஞ்சா போதும்.”

“அதாவது, நல்ல ரத்தத்தை அவன் கொடுப்பான். அழுக்கு ரத்தத்தை நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.”

“அழுக்குன்னு யார் சார் சொன்னது? ஆக்சிஜனைக் கொடுத்துட்டு வர்ற ரத்தம். வேலை முடிச்சு வீட்டுக்கு வர்ற ஆளை அழுக்குன்னா சொல்லுவோம்?”

சொல்லுவோம் என்றுதான் தணிகைவேலின் வாயில் வந்தது. அடக்கிக்கொண்டார்.

மறுநாள் இணைத்தார்கள். சுகந்தியின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் தணிகைவேலின் நாற்காலி. நாற்காலியின் அடியில் தையல் மிஷினில் இருப்பது போல ஒரு மிதி. அவருக்கும் அவளுக்கும் நடுவே தொய்வாக ஒரு குழாய், கருஞ்சிவப்பாக, சத்தமில்லாமல், வாய்க்கால் தண்ணீர் போல் நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் கண்ணாடிச் சுவர். சுவருக்கு அப்பால் அடுத்த அறையில் மிதுன். சுவரில் போட்ட துளை வழியாக வந்த தமனிக்குழாய் பளீரென்ற சிவப்பில் துள்ளித் துள்ளி வந்து சுகந்தியின் தோள்பட்டையில் நுழைந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நர்ஸ் அதைத்தான் தொட்டுப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல வந்த சங்கச் செயலாளர் கலியபெருமாள்கூட “அடேயப்பா! என்னமா துடிக்குது சார்!” என்று அதைத்தான் போனில் படம் எடுத்தார். தலைவருடைய குழாயைத் துணி மடிப்பு என்று நினைத்து மேலே பையை வைக்கப் போனார்.

சுகந்தியின் முகத்தில் நிறம் திரும்பியது. உதட்டில் நீலம் போயிற்று. மூன்றாவது நாள் கண்ணைத் திறந்து, “என்னங்க, சாப்பிட்டீங்களா?” என்றாள். தணிகைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சிவசப்பட்டு அவள் கையைப் பற்றினார்.

பற்றியதும் திடுக்கிட்டார். விரலுக்குக் கீழே ஏதோ ஒன்று நிதானமாக, திமிராக, முட்டி முட்டிப் பார்த்தது. கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். மிதுன் தலையணையில் சாய்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் ஓர் இடம் துடித்தது. அதே தாளம்.

“இது உன் நாடி இல்லை” என்றார் தணிகைவேல்.

“அப்ப யாரோடது? டாக்டர்தான் சொன்னாங்களே, அந்தத் தம்பியோடது.”

“அதைத்தான் சொல்கிறேன். உன் நாடி இப்படி இருக்காது.”

“என்னோடது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

தணிகைவேல் யோசித்துப் பார்த்தார். கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றும்போது பிடித்தது சுண்டுவிரலை. அதுவும் கேமராக்காரர் “சார், விரலைப் பிடிங்க சார்” என்று சொன்னதால். சாலையைக் கடக்கும்போது முழங்கையைப் பிடித்திருக்கிறார். அதற்கு மேல் போனதாக ஞாபகம் இல்லை. கவிதையில் மட்டும் நிறையத் தடவை பிடித்திருக்கிறார், சங்கத்தின் ஆண்டுமலரில்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். நர்ஸுக்குப் புல்லரித்தது. “சாருக்கு அம்மா மேல எவ்வளவு பாசம்!” என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் காவல் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த நாடி அவருக்கு நன்றாகவே பழகிவிட்டது. காலையில் சோம்பலாக இருக்கும். காபி வந்ததும் சுறுசுறுக்கும். காபி வந்தது சுகந்திக்கு இல்லை, அவனுக்கு. ஒருநாள் சுகந்தி கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், மணிக்கட்டு மட்டும் தறிகெட்டுக் குதிக்கிறது. தணிகைவேல் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட வாயெடுத்தார். அடுத்த அறையில் இருந்து சத்தம் வந்தது: “பிடி, பிடி, காலைப் பிடிடா டேய்!” போனில் கபடி மேட்ச்.

“இதயம் அவனோடது. அவன் கத்தினா இங்கே குதிக்கத்தான் செய்யும்” என்றார் டாக்டர்.

“டாக்டர், கபடி என்றாலே என்னவென்று தெரியாத பெண் இவள்!”

“இப்ப ஓரளவு தெரியுமுங்க” என்றாள் சுகந்தி. “ரைடு போனா மூச்சைப் பிடிக்கணுமாம். தம்பி சொல்லிச்சு.”

அறைகளுக்கு நடுவே பேசுவதற்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. அவசரத்துக்கு வைத்தது. மிதுனுக்குப் பொழுது போகவில்லை. சுகந்திக்கும் போகவில்லை. அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டான். அக்காவாம்! சொந்த ரத்தத்தைப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான், அக்கா என்றால் நம்பிவிடுவதா? சரி, அக்கா என்றே இருக்கட்டும், அதில் இத்தனை இழுப்பு எதற்கு? தணிகைவேல் மிதித்துக்கொண்டே கணக்குப் போட்டார். தானும் இரண்டு மாடி ஏறியிருந்தால் அந்தப் பளீர்ச் சிவப்பு தன்னுடையதாக இருந்திருக்கும். அவள் கன்னத்தில் இப்போது தெரிகிற நிறம் தன்னால் வந்ததாக இருந்திருக்கும். அவள் வெட்கப்பட்டால் அந்த வெட்கத்துக்குக்கூட அவன் ரத்தம்தான் வேண்டியிருக்கிறது. தன் பங்கு? அவளிடமிருந்து ஆறிப்போய் வருவதை வாங்கி மேலே ஏற்றிவிடுவது. வேலைக்காரனுக்கு எச்சில் தட்டு மாதிரி.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் ஒலிபெருக்கியில் மிதுன் சிரித்தான்.

“அக்கா, சார் மிதிக்கிற மிதிக்கு நேரா ரோட்டுல விட்டா இந்நேரம் சமயபுரம் போய்க் கும்பிட்டுட்டே திரும்பியிருக்கலாம்!”

சுகந்தி சிரித்தாள். வாயைப் பொத்தாமல், உடம்பு குலுங்க. தணிகைவேல் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் விரலின் கீழே நாடியும் அவன் சிரிப்போடு சேர்ந்து குலுங்கியது. அவன் சிரிப்பு, அவள் சிரிப்பு, நாடி மூன்றும் ஒரே தாளத்தில். நாலாவதாகக் கேட்டுக்கொண்டிருந்தது மிதியின் கிறீச் கிறீச் மட்டும்.

தணிகைவேல் காலை நிறுத்தினார்.

தமனி தனியாக என்ன சாதிக்கிறது, பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். மேடையில் ஒலிபெருக்கிக்காரன் இல்லாவிட்டால் பேச்சாளரின் கதி தெரியும் என்பது போல ஏதோ ஓர் உவமைகூட மனத்தில் ஓடியது. அந்த உவமையை அவர் முடிக்கவில்லை. சுகந்தியின் சிரிப்பு நின்றது. “என்னங்க, கண்ணு இருட்டுது” என்றாள். போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் பாதம் பொதபொதவென்று வீங்கிக்கொண்டு வந்தது. தணிகைவேலின் கையில் நாடி மெலிந்தது, நூலாயிற்று, தேடினால் கிடைக்கவில்லை. எந்த நாடி ஒழிய வேண்டும் என்று பத்து நாளாக வேண்டிக்கொண்டிருந்தாரோ அது ஒழிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மிதுன் நெற்றியில் கைவைத்தபடி பக்கவாட்டில் சாய்ந்தான். மணி அலறியது.

“மிதிங்க சார்! காலை ஆட்டுங்க!” டாக்டர் ஜெபராணி ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு வராந்தாவிலேயே நின்றுவிட்டது.

தணிகைவேல் மிதித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக மூச்சைப் பற்றிப் பேசாமல் மூச்சு வாங்கினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நூல் திரும்பி வந்து விரலைத் தொட்டது. அதன்பிறகும் வெகுநேரம் அவர் மிதியை விடவில்லை.

டாக்டர் ஒற்றைச் செருப்போடு நின்று பேசினார். “என்ன சார் நினைச்சிட்டிருக்கீங்க? இதயம் தானா ரத்தம் உண்டாக்குதா? திரும்பி வர்றதைத்தான் அது அனுப்ப முடியும். நீங்க நிறுத்தினதும் அவங்க ரத்தம் அவங்க காலிலேயே குளம் கட்டிடுச்சு. அந்தப் பையன் இதயம் வெறுங்கையை வீசிட்டிருந்தது. ஒரு மனுஷ உடம்புல பாதிக்கு மேல ரத்தம் எந்நேரமும் சிரையிலதான் சார் இருக்கு. துடிக்கலைங்கிறதுக்காக அது சும்மா இருக்குன்னு அர்த்தமா?”

டாக்டர் போன பிறகு சுகந்தி மெதுவாகக் கேட்டாள். “நான் செத்துருந்தா அப்புறம் யாரைப் பார்த்துங்க பொறாமைப்படுவீங்க?”

தணிகைவேலுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உருப்படியாக ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. இரண்டும் ஒரே அறையில் தாராளமாகக் குடியிருக்கும். மறுநாள் காலை டாக்டரிடம் சங்கத் தீர்மானத்தை வாசிக்கிற குரலில் சொன்னார்.

“நான் மிதிக்கிறேன். ஒரு நிமிடமும் நிறுத்தமாட்டேன். ஆனால் மூன்று நிபந்தனை. கண்ணாடிக்குத் திரை போட வேண்டும். ஒலிபெருக்கியைக் கழற்ற வேண்டும். அந்தப் பக்கத்துப் பேச்சு எதுவும், நல்லதோ கெட்டதோ, இனி என் காதில் விழக்கூடாது.”

டாக்டர் சுகந்தியைப் பார்த்தார்.

“சார் சொன்னபடியே செஞ்சிடுங்க டாக்டர்” என்றாள் சுகந்தி. “இவரு ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்.”

பச்சைத் திரை வந்தது. ஒலிபெருக்கி இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள். தணிகைவேல் மிதித்தார். பகலெல்லாம் மிதித்தார். இரவில் அவர் தூங்கும்போது காலில் மாட்டிய காற்றுப்பை அந்த வேலையைப் பார்த்தது. கெண்டைக்காலில் கல் மாதிரி சதை வைத்தது. சர்க்கரை இறங்கியது. நடக்காமலே நடைச்சங்கத் தலைவராக இருந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே பல ஊர் தாண்டினார். சாயங்காலமானால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதிரி என்ன செய்கிறான் என்று விசாரித்தார்.

ஒரு மதியம் டாக்டர் வந்து, “குழாய் இணைப்பைக் கொஞ்சம் மாத்தணும், உங்க ரெண்டு பேருக்கும் லேசா மயக்கம் கொடுக்கிறோம்” என்றார். கண் விழித்தபோது தணிகைவேலின் தோளில் புதுக்கட்டு இருந்தது. “சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் பக்கத்து…” என்று டாக்டர் ஆரம்பித்தார்.

தணிகைவேல் கூட்டத்தை அமர்த்துவது போல உள்ளங்கையை உயர்த்தினார். “அந்தப் பக்கத்துப் பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.”

“இல்லை சார், நல்ல செய்திதான்…”

“நல்லதும் வேண்டாம். கெட்டதும் வேண்டாம்.”

“விடுங்க டாக்டர். அவருக்குப் பிடிக்கலை” என்றாள் சுகந்தி. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. அவனுடைய போக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் நாடியில் ஒரு நிதானம் இருந்தது, திமிர் பிடித்த நிதானம். இப்போது அது இல்லை. கொஞ்சம் அவசரம், கொஞ்சம் பிடிவாதம். தணிகைவேல் கையைப் பிடித்ததும் ஒரு துள்ளு துள்ளி, பிறகுதான் சமனப்படுகிறது. தொட்டால் அவனுக்கு ஏன் துள்ள வேண்டும்? பொறுக்கவில்லை, அதுதான். புருஷன் தொடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை! திரைக்கு அப்பால் படுத்துக்கொண்டு தன் விரல்களை உணர்கிறான் என்று தணிகைவேலுக்குத் தோன்றியது. விஞ்ஞானம் இதற்கு ஒத்துக்கொள்ளாதுதான். பொறாமைக்கு விஞ்ஞானத்தின் ஒப்புதல் தேவைப்பட்டதில்லை.

கபடி இறுதிப் போட்டி நடந்த அன்று வராந்தாவில் ஒரே கூச்சல். வார்டுபாய்கள் எல்லோரும் டி.வி. முன்னால். தணிகைவேல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இப்போது குதிக்கும், இதோ குதிக்கும் என்று பார்த்தார். குதிக்கவில்லை. வெளியே தமிழ்நாடு ஜெயித்துப் பட்டாசு வெடித்தபோதும் நாடி தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கபடியே மறந்துபோகும் அளவுக்கு அவன் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறான்!

“சுகந்தி.”

“ம்.”

“நீ அவனைப் பற்றி நினைக்கிறாயா?”

“எவனை?”

“பெயர் சொல்லமாட்டேன்.”

“நீங்க பிடிச்சிருக்கிறப்ப வேற என்னத்தைங்க நினைக்கிறது?” என்றாள் சுகந்தி. நாடி இரண்டு எகிறு எகிறியது. பார்த்தாயா, பெயரைச் சொல்லாமலே எகிறுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார் தணிகைவேல். அவளது தோள்பட்டையில் முடிந்த தமனிக்குழாய் துள்ளிக்கொண்டிருந்தது. முன்னைவிடக் குட்டையாகத் தெரிந்தது. திரைக்குள்ளே போய் மறைந்திருந்ததால் அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

ஒருவழியாகக் குழாய்களை எடுக்கும் நாள் வந்தது, எடுத்தார்கள். மறுநாள் காலை சுகந்தி தலையணையில் சாய்ந்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தணிகைவேல் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, நின்றார். மிதியில்லாத தரை கொஞ்சம் அந்நியமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு கலியபெருமாள் வந்தார், பின்னால் சங்க உறுப்பினர்கள் இரண்டு பேர், கையில் பொன்னாடை, பூமாலை. தணிகைவேல்தான் வரச் சொல்லியிருந்தார். போட்டி முடிந்துவிட்டது, மனைவி முழுசாகத் திரும்பக் கிடைத்துவிட்டாள், இனிமேல் பெருந்தன்மைக்கு என்ன குறை? எதிரிக்குப் பொன்னாடை போர்த்துவதைவிட அவனைச் சிறியவனாக்கும் வழி வேறில்லை என்பது பொதுவாழ்வில் அவர் கற்ற பாடம்.

“டாக்டர், அந்தத் தம்பியை நான் கௌரவிக்க விரும்புகிறேன். நடந்தவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான்.”

டாக்டர் ஜெபராணி எதுவோ சொல்ல வந்தார். தணிகைவேல் காத்திருக்கவில்லை. கலியபெருமாள் போனை உயர்த்திப் பிடித்ததும், மேடையில் திருவுருவப் படத்தைத் திறந்துவைக்கும் பாவனையில் பச்சைத் திரையை இழுத்தார்.

கண்ணாடிக்கு அப்பால் முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலையும் பொன்னாடையுமாக ஒரு கூட்டம் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், வாயில் இட்லியோடு எழுந்து கும்பிட்டார்.

“மிதுன் எங்கே?” பெயரை அவரே சொல்லிவிட்டார்.

“அவர் போய்ப் பத்து நாளுக்கு மேல ஆச்சே சார். அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். சுகந்தி இதயம் நாங்க நினைச்சதைவிடச் சீக்கிரம் எழுந்துடுச்சு. தமனியை மூடி அவரை அனுப்பிட்டோம். இந்தப் பக்கம் மிச்சம் இருந்த துண்டு எதுக்கும் இருக்கட்டும்னு விட்டு வச்சோம். சிரைப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் உதவி தேவைப்பட்டுச்சு. அதனால உங்ககிட்ட வந்ததை அவங்க கழுத்துச் சிரைக்கே திருப்பிட்டோம். இந்தப் பத்து நாளும் அவங்களுக்கு இருந்த துணை நீங்க ஒருத்தர்தான்.”

“அந்தக் குழாய் துடித்ததே!”

“துண்டுக் குழாய் அவங்க தமனியோடதானே சேர்ந்திருக்கு? அவங்க இதயம் அடிச்சா அதுவும் துடிக்கும்.”

கலியபெருமாளின் போன் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. “சார், பொன்னாடை யாருக்குப் போர்த்தணும்?” என்று மெல்லக் கேட்டார். இட்லிப் பெரியவரைக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார். டாக்டரும் போனார்.

தணிகைவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே நாற்காலி.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப இவ்வளவு நாளா நான் பிடிச்சுப் பார்த்தது…” அவருக்கே தெரியாமல் மேடைத் தமிழ் கழன்றுபோயிருந்தது.

“என்னோடதுதாங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சுகந்தி! மனசுக்குள்ள அவனை எவ்வளவு திட்டினேன்! எனக்கு எவ்வளவு…”

“சொல்லியிருந்தா கையை விட்டிருப்பீங்க” என்றாள் சுகந்தி. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் கலியபெருமாள் யாருக்கோ நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். தணிகைவேல் கையை நீட்டி, எந்த இடம் என்று தேடவேண்டிய அவசியம் இல்லாமல், அவள் மணிக்கட்டில் விரல்களை வைத்தார். ஒரு துள்ளு. பிறகு சமனப்பட்டது.

தரையில் மிதி இல்லை. அவருடைய கால் மட்டும் ஆடத் தொடங்கியிருந்தது.